சம்பந்திகளைக் கலைத்த மோகனம்

ஒரு விஷயத்தைப் பாதி மட்டும் படித்துவிட்டு மேடையேறும் ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த ஆட்களில் முதல் ஆள் நான்தான் என்பது விம்பிள்டனில் பாதிப் பேருக்குத் தெரியும்.

என் தம்பி ரமணனுக்கும் யூமிக்கும் பதிவுத் திருமணம் நடந்த நாள். ஒசாக்காவிலிருந்து அவளுடைய தாய் தகப்பனும் உறவினர் பத்துப் பேரும் வந்திருந்தார்கள். தகப்பன் அரை மனதோடு சம்மதித்தவர். எங்கள் கையால் ஒரு நேரம் சாப்பிட்டால் அவர் மனம் மாறிவிடும் என்று அம்மா நம்பியிருந்தார் (அம்மாவுக்கு எல்லாப் பிரச்சினைக்கும் கத்தரிக்காய்ப் பால்கறிதான் மருந்து).

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஜப்பான்காரர் மேற்கத்திய இசையைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்த கதையை ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன். நாட்டை நவீனமாக்கப் புறப்பட்ட காலத்தில், ஒரு ஸ்கொட்லாந்து மெட்டுக்குத் தங்கள் சொற்களைப் போட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்களாம். மெட்டில் ஐந்தே சுரங்கள். வயலினில் வாசித்துப் பார்த்தேன், அசல் மோகன ராகம். மூன்று நாடுகளையும் நானே ஒன்றாக்கிவிடப் போகிறேன் என்று நினைத்தேன் (அந்தத் தலைக்கனத்துக்கு என்னை இரண்டு அறை அறைந்திருக்க வேண்டும்).

"அக்கா, தயவுசெய்து புதுசா ஒண்டும் செய்து போடாதையுங்கோ," என்றான் தம்பி.

"நீ பேசாமல் இரடா. அவையள் கண்கலங்கப் போகினம் பார்," என்றேன்.

விருந்துக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் சாப்பாடு மேசைக்கு வந்துகொண்டிருந்தது. யூமி சேலை மாற்றப் போயிருந்தாள். நான் சம்மணம் கட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, கமகம் சேர்த்து உருகி உருகி வாசித்தேன். கண்ணைத் திறந்தபோது பன்னிரண்டு பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக அம்மாவைக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார்கள்.

"என்ன பிள்ளை, சாப்பிடாமல் வெளிக்கிடுகினம்?" என்றார் அம்மா. கறிச்சட்டியோடு வாசல்வரை அவர்கள் பின்னால் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அரைகுறைச் சேலையோடு ஓடிவந்த யூமிதான் விளக்கினாள். அந்த மெட்டு அவர்கள் ஊரில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பிரியும் நாளில் பாடுவது. கடை பூட்டும் நேரத்திலும் அதைத்தான் போடுவார்களாம் (புத்தகத்தின் அடுத்த அத்தியாயத்தில் இது இருந்தது, நான் வாசிக்கவில்லை). மண்டபத்தைப் பூட்டப் போகிறோம் என்று நினைத்து மரியாதையாக எழும்பியிருக்கிறார்கள்.

ட்ராம் தரிப்பிடத்தில் வைத்துத்தான் தம்பி அவர்களைப் பிடித்தான். காரணத்தைக் கேட்ட தகப்பன், லண்டன் வந்த பிறகு அன்றுதான் முதல்முறை சிரித்தார். திரும்பி வந்து பால்கறியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போதும் வீட்டுக்கு வந்தவர்கள் எழும்பாமல் கதைத்துக்கொண்டிருந்தால், "பிள்ளை, உன்ரை வயலின் எங்கை?" என்று அம்மா குசினி அடுப்படியிலிருந்து கேட்பார். போன கோடையில் சம்பந்தி வந்திருந்தார். அம்மா மூன்றாம் தரம் சோறு போடப் போக, அவர் சோற்றுக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு அதே மெட்டை முணுமுணுத்தார். என் கமகத்தோடு.