நாலுகதவு அண்ணாச்சியும் தாயியும்

கிளி வளர்த்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். ஆனால் கிளியை வெடிமருந்து மாதிரி பதனமாக வளர்த்தவர் திருத்தங்கல் நாலுகதவு அண்ணாச்சி ஒருவர்தான். இதில் என்னோடு வாதாட யாரும் வர வேண்டாம்.

அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்கும் அறைக்கு நாலு பக்கமும் கதவு வேண்டும், வேலை நடக்கும்போது நாலும் திறந்தே கிடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தான் குடியிருந்த ஒற்றை அறைக்கும் வீட்டுக்காரரைப் பாடாய்ப் படுத்தி நாலு கதவு வைத்துக்கொண்டார். மழையோ புழுதியோ, ஒன்றையும் சாத்த மாட்டார். தெருநாய்கள் அதைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தின. அந்த வீட்டு மாடியில்தான் நான் இருந்தேன். அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் செய்யும் வேலை எனக்கு.

தாயி என்பது காக்கட்டூ. முதலாளி ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளைக் கொண்டைக்கிளி. அதன் கூச்சல் தாங்காமல் அண்ணாச்சி தலையில் கட்டிவிட்டார்கள். கல்யாணம் ஆகாத மனுஷர், இத்தனை வருஷத்துப் பாசத்தையும் அதன்மேல் கொட்டினார். வெதுவெதுப்பாகச் சோறு பிசைந்து ஊட்டினார், முதுகு முழுக்கத் தடவிக்கொடுத்தார். ஆறே மாதத்தில் தாயி, அண்ணாச்சியைத் தவிர யார் வந்தாலும் கொண்டையை விரித்துக் கடிக்கப் பாய்ந்தது. அட்டைப்பெட்டியைக் கண்டால் உள்ளே புகுந்து கிழித்தது. பிறகு ஒரு முட்டை. இரண்டாவது முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு உயிர் போய் வந்தது.

கூண்டோடு பஸ் ஏறி மதுரைக்கு, பறவை வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம்.

"இன்னொரு முட்டை வந்தா தாங்காது," என்றார் டாக்டரம்மா. "முதுகைத் தடவாதீங்க. அது உங்களைத் தன்னோட ஜோடின்னு நினைச்சிட்டிருக்கு."

ஐம்பத்தெட்டு வயது அண்ணாச்சி, சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். தலையை மட்டும்தான் தொடலாம். சூடான தீனி கூடாது. பெட்டியோ பொந்தோ கண்ணில் படக் கூடாது. இட்ட முட்டைகளை எடுக்காமல் விட்டால் அடைகாத்துச் சலித்துப்போகும்.

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "உராயக் கூடாது, சூடு கூடாது. அம்புட்டும் நம்ம மருந்து ரூமு சட்டந்தான தம்பி!"

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கதவெல்லாம் சாத்தி முழு இருட்டாக்கணும். விடியிற வரைக்கும் திறக்கவே கூடாது," என்று டாக்டரம்மா முடித்ததும் மலர்ந்த முகம் செத்துப்போனது.

மற்ற சட்டங்கள் மறுநாளே அமலுக்கு வந்தன. செருப்பும் செல்போனும் வெளியே. உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் இறங்க, வாசலில் அறைந்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். "ஏலே, நைலான் சட்டையாலே போட்டுருக்க?" என்று கிசுகிசுப்பாக அதட்டுவார். பெட்டி செய்து பிழைக்கிற ஊரில் பெட்டியே இல்லாத ஒரே வீடு அதுதான். என் பாக்கெட்டில் இருந்த தீப்பெட்டியைக்கூடப் பிடுங்கிக்கொண்டார். "இதுவும் பெட்டிதான்."

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று கதவுகளைச் சாத்தினார். நாலாவதைச் சாத்த அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. வெளியே, சுள்ளென்ற வெயிலில், கைப்பிடியை விடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பழைய கம்பெனியில ஒரு நாளு சாரல் அடிச்சுச்சு தம்பி. கதவைச் சாத்துங்கன்னு நாந்தான் சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்தேன். உள்ள நாலு பேரு."

சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது மூடிய அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாரியப்பா?" சற்று இடைவெளி. "செல்வி?" இடைவெளி. "கருப்பசாமி?" இடைவெளி. "முனீஸ்வரி?"

அண்ணாச்சியின் குரல். அண்ணாச்சியோ என் எதிரில் வாயை மூடி உட்கார்ந்திருந்தார்.

"ஏலே... இந்தப் பேரெல்லாம் அதுக்கு யாருலே சொன்னா?"

"நீங்கதான் அண்ணாச்சி. ராத்திரி கண்ணசந்தா தெனமும் கூப்பிடுவீக. மாடிக்குக் கேக்கும்."

அது அவருக்கே தெரியாது. பதில் யாரும் சொன்னதில்லை. அதனால் தாயிக்குப் பெயர்களும் இடைவெளிகளும் மட்டும்தான் பாடம்.

அன்று முதல் ஐந்து மணி ஆனால் இருட்டுக்குள் ஆஜர் எடுக்கும் சத்தம். தெருவில் பால்காரர் வழியை மாற்றிக்கொண்டார். அண்ணாச்சி மட்டும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு அங்கேயே வாசலில் படுத்துக்கொள்வார்.

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் உள்ளே சத்தமே இல்லை. சத்தம் அடங்கினால் முட்டை வருகிறது என்று அர்த்தமாம், அப்படித்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"தொறந்து பாத்துருவோம் அண்ணாச்சி."

"தொறந்தா இத்தன நாளு பட்ட பாடெல்லாம் போயிரும்லே." கதவில் வாயை வைத்து, விழித்திருக்கும்போது முதல்முறையாக, அவரே கூப்பிட்டார். மாரியப்பா. செல்வி. கருப்பசாமி. முனீஸ்வரி. கடைசியாக, "தாயி?"

ஒன்றுமில்லை. நானும் கதவில் காதை வைத்தேன்.

பிறகு உள்ளிருந்து என் குரல் கேட்டது. தினமும் வாசலில் நின்று நான் கூப்பிடுகிற அதே குரல்.

"அண்ணாச்சி?" இடைவெளி.

"இருக்கேன் தாயி," என்றார் அவர், கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு. "இங்கனதான் இருக்கேன்."

மூன்றாவது முட்டை வரவேயில்லை. நான் வேலை மாறி மதுரைக்கு வந்துவிட்டேன். என் குரல் மட்டும் இன்னும் அந்த வீட்டில் தினமும் அண்ணாச்சியைக் கூப்பிடுகிறதாம், அவரும் தவறாமல் பதில் சொல்கிறாராம். நான் அந்த ஊரைவிட்டு முழுசாக வந்துவிடாமல் போனதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.