செதில் தெரியாத லென்ஸ்

"அறுபது எம்.எம். லென்ஸ் வாங்கினீங்கன்னா கேமராவைத் தொட்டிக் கண்ணாடியோட ஒட்டி வைக்கணும், பாபு. மீன் மிரளும். நூறு எடுத்துக்குங்க. ரெண்டடி தள்ளி நின்னே எடுக்கலாம். செதிலை ஒவ்வொண்ணா எண்ணிடலாம்."

நிகில்ரஞ்சன் பாக்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எண்ண முடியாத மாதிரி ஒண்ணு இருக்கா?"

கல்கத்தாவில் நாற்பது வருடமாக லென்ஸ் விற்கும் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கிட்டத்துல எடுக்குற மேக்ரோ லென்ஸ்தானே கேட்டீங்க?"

"மேக்ரோதான். ஆனா ரொம்பத் தெளிவா விழக்கூடாது."

பாக்சி குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை. இப்போது சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் மகளின் கல்யாணச் சீர். வங்காளத்தில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் ரோகு மீனுக்கு மூக்குத்தி மாட்டித் தாம்பாளத்தில் சீராக அனுப்புவார்கள். சந்தன்நகர் சம்பந்தி சக்திவிரத சான்யால் உயிருள்ள மீனே அனுப்பினார். ஒரே ஈற்றில் பிறந்த, தொட்டியில் வளர்க்கும் இரண்டு மஞ்சள் டிஸ்கஸ் மீன்கள். இரண்டுக்கும் செவுளுக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு. "ஒண்ணு உங்க வீட்டுல, ஒண்ணு எங்க வீட்டுல. நம்ம உறவு மாதிரி இதுங்களும் நல்லா இருக்கணும்" என்று சபையில் வைத்துச் சொன்னார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மின்சாரம் போய்க் காற்றுக் குழாய் நின்றது. பாக்சி வீட்டு மீன் மிதந்தது. மறுநாளே அதே நிறத்தில் வேறொன்று தொட்டிக்கு வந்தது. பொட்டு மட்டும் இல்லை.

இப்போது பேரனுக்குச் சோறூட்டு விழா. சம்பந்தி தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "அழைப்பிதழ்ல உங்க மீன் படம்தான் போடணும். என் மீனைப் போட்டா அது தற்பெருமை. பொண்ணு வீட்டு மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? பொட்டு தெளிவா விழணும், சம்பந்தி. மேக்ரோ லென்ஸ் ஒண்ணு வாங்கிடுங்க. பாக்சி குடும்பத்துக்கு அதென்ன பெரிய விஷயமா?"

அதற்குப் பிறகு வாங்காமல் இருக்க முடியுமா?

கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழைய அறுபதை எடுத்தார். "கண்ணாடிக்கு நேரா நின்னு எடுத்தா இதுவும் தெளிவாத்தான் விழும். சாய்வா எடுங்க. தானாக் கலங்கிடும்."

பாக்சி நிமிர்ந்த முதுகோடு, தொட்டிக்குச் சாய்வாக நின்று எடுத்தார். மஞ்சள் தோசை ஒன்று மூடுபனியில் பறப்பதுபோல் விழுந்தது. திருப்தியோடு அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"சாய்வா நின்னு எடுத்தீங்களா, சம்பந்தி?"

"இல்லையே."

"பார்த்தாலே தெரியுது. லென்ஸும் சரியில்ல. என் நூறை மாப்பிள்ளை கையில குடுத்தனுப்புறேன்."

மறுநாள் மாப்பிள்ளை அலுவலகம் போகும் வழியில் நூறையும் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பையும் வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சீட்டு: 'நேராக நின்று எடுக்கவும்.'

எடுத்தார். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. செதில்களை எண்ணலாம். பொட்டு இல்லாத இடத்தில் பொட்டு இல்லை என்பது பளிச்சென்று தெரிந்தது.

"பேசாம செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி மஞ்சுலிகா.

"சீரா வந்த மீனைக் கொன்ன வீடுன்னு சந்தன்நகரே பேசணுமா? நாளைக்கு நம்ம பொண்ணு அங்க எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?"

"அப்ப தள்ளுங்க." அவள் குங்குமச் சிமிழைத் திறந்து, விரலால் தொட்டிக் கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு பொட்டு வைத்தாள். "மீன் அதுக்கு நேரா வந்ததும் எடுங்க."

மீன் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மீன் தெளிவாக விழுந்தது. அதன் முகத்தை மறைத்துக்கொண்டு சிவப்பு மேகம் ஒன்று நின்றது.

"சூரிய உதயம் மாதிரி இருக்கு" என்றாள் மஞ்சுலிகா.

"இது அழைப்பிதழா, காலண்டரா?"

அவர் குங்குமத்தைத் துணியால் துடைத்தார். அது கண்ணாடி முழுக்க இழுவியது. பாத்திரம் தேய்க்கும் நாரால் அழுத்தித் தேய்த்தார். குங்குமம் போய்க் கீறல் வந்தது. அடுத்த படத்தில் மீன் கம்பி எண்ணிக்கொண்டிருந்தது. அதற்கும் பொட்டு இல்லை.

தொலைபேசி மறுபடி அடித்தது. "என்ன சம்பந்தி, இன்னும் வரல? ஞாயித்துக்கிழமைக்குள்ள கட்டாயம் வேணும்."

"மீனுக்கு மனசு வரல" என்றார் பாக்சி. வேறென்ன சொல்ல?

இனி ஒரே வழிதான். ஞாயிறு காலை இஸ்திரி போட்ட வேட்டி ஜிப்பாவில், கையில் குடையோடு, பாக்பஜார் வளர்ப்பு மீன் சந்தைக்கு நடந்தார். தெரிந்தவர் யாரும் இல்லை என்று இருபுறமும் பார்த்துக்கொண்டு, மூலையில் பிளாஸ்டிக் பைகளில் டிஸ்கஸ் தொங்கவிட்டிருந்த கிழவரிடம் குனிந்தார்.

"மஞ்சள் டிஸ்கஸ் வேணும். செவுளுக்குக் கீழே சிவப்புப் பொட்டு இருக்கணும். எந்தச் சம்பந்தி பார்த்தாலும் சந்தேகம் வரக்கூடாது."

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க, பாபு; சந்தன்நகர்க்காரர் ஒருத்தரும் இதையேதான் கேட்டிருக்காரு, அவர் மீன் செத்து ஆறு மாசமாம், சம்பந்தி வீட்டு மீன் உசிரோட இருக்கு, அதோட போட்டோ வந்ததும் கொண்டுவந்து காட்டுறேன், அச்சா அதே மாதிரி ஒண்ணு குடுன்னு சொல்லியிருக்காரு!"