முதலில் கொடி, அப்புறம் மீன்

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சவேரியார் வீட்டு அடுப்படியில் மூன்று கிலோ விளமீன் கிடந்தது. சாப்பிடுகிறவர்கள் மூன்றே பேர்.

சவேரியாரின் அப்பா சந்தனம் கடற்கரையில் ஒரு கிலோ வாங்கியிருந்தார். டீ குடிக்கப் போன சவேரியார் தெருமுக்கில் ஒரு கிலோ. மனைவி ஜோதிமேரி வாசலில் ஒரு கிலோ. மூன்றையும் விற்றவள் ஒருத்திதான். லீமாரோஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையிலிருந்து தெருமுக்கு, தெருமுக்கிலிருந்து வாசல் என்று வந்திருக்கிறாள். ஒரே வீட்டுக்கு மூன்று முறை ஏன் என்று அவள் கேட்கவில்லை. வியாபாரிக்கு அது எதற்கு?

"ஏலே, நான்தான் வாங்கியாருவேன்னு தெரியாதா?" என்றார் சந்தனம்.

"சட்டியப் பாத்தேன் மாமா, காலியா இருந்துச்சு. அதான் வாங்குனேன்" என்றாள் ஜோதிமேரி.

"நானும் சட்டியப் பாத்துட்டுத்தான் போனேன்" என்றான் சவேரியார்.

வேறு யாராவதாக இருந்தால் கோபம் வந்திருக்கும். சவேரியாருக்குச் சந்தோஷம் வந்தது. ஏனென்றால் அவன் பார்க்கும் உத்தியோகமே அதுதான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் அட்டையை இயக்கும் டிரைவர் நிரலைப் படித்து, ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகள் எங்கே முட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

கல்யாணமான இரண்டு வருஷமும் சென்னைக்கும் பாம்பனுக்கும் ரயிலிலேயே ஓடிவிட்டது. இப்போது வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்திருக்கிறது. மேலதிகாரி இராமலட்சுமி ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தாள். "இந்த ரிவியூவை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள சுத்தமா முடிங்க. பாம்பன்லயே இருந்து வேலை பாக்கலாம். இல்லேன்னா திங்கட்கிழமை சென்னையில இருக்கணும்."

ஜோதிமேரி அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தாள்.

சவேரியார் சென்னைக்குப் போன் போட்டான். நிரலை எழுதிய உக்கிரபாண்டிதான் எடுத்தான்.

"தம்பி, தப்பு புடிபட்டுருச்சு. தகவல அனுப்புறது ஒரு வேலை, வாங்குறது ஒரு வேலை, வயர் இருக்கான்னு பாக்குறது ஒரு வேலை. மூணுக்கும் ஒரே எடம். காலியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஒவ்வொண்ணும் உள்ள போகுது. ஆனா மூணும் ஒரே சமயத்துல பாத்தா? எங்க வீட்டு மீன் சட்டி கதைதான்."

"அப்ப ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் உள்ள போற மாதிரி லாக் போட்டுர்றேன் சார். ரெடியாவே இருக்கு."

"லாக் போட்டா மெஷினு மெதுவாயிரும்ப்பா. நான் ஒரு வழி சொல்றேன். முதல்ல கொடியத் தூக்கு. 'நான் வாரேன், மத்தவங்க நில்லுங்க'ன்னு அர்த்தம். அப்புறம் மத்தவங்க கொடி நிக்குதான்னு பாரு. நின்னா, அது இறங்குற வரைக்கும் காத்திரு."

"சரி சார்" என்றான் உக்கிரபாண்டி, ரிவியூ செய்கிறவரிடம் வாதாடிப் பிரயோஜனமில்லை என்று கற்றுக்கொண்டவன் குரலில்.

நல்ல யோசனையை வீட்டிலும் அமல்படுத்தாமல் இருப்பானேன்?

"நாளைலருந்து யாரும் சட்டியப் பாக்கக் கூடாது. மீன் வாங்கப் போறவுக முதல்ல லீமாரோஸ் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிரணும். 'நான் வாரேன், எங்க வீட்ல வேற யாரு கேட்டாலும் குடுக்காத'ன்னு. அப்புறம்தான் போகணும்."

"என்னமோ போ" என்றார் சந்தனம்.

மத்தியானம் உக்கிரபாண்டி கூப்பிட்டான். "சார், முன்னாடி ஆயிரத்துல ஒரு தகவல்தான் தொலைஞ்சுது. இப்ப மணிக்கு ஒருவாட்டி மெஷினே அப்படியே நின்னுருது."

"கொடிய லேட்டாத் தூக்குற. இன்னும் முன்னாடியே தூக்கு."

சாயங்காலம் மறுபடி போன். "தூக்கிட்டேன் சார். இப்ப நிமிஷத்துக்கு ஒருவாட்டி நிக்குது."

சவேரியார் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. தவக்காலம் என்பதால் கறி கிடையாது, மீன்தான். ஆனால் தட்டில் சோறும் ரசமும் மட்டும் வந்தன.

"மீனு எங்க?"

"சொன்னபடி போன் பண்ணிட்டுத்தான் போனேன். 'ஒனக்கு இல்ல தாயி'ன்னுட்டாக" என்றாள் ஜோதிமேரி.

"எனக்கும் அதே பதில்தான்" என்றார் சந்தனம்.

"எனக்கும்தான். இன்னைக்குக் கடல்ல மீன்பாடு இல்ல போல" என்றான் சவேரியார். "இருந்தாலும் பாருங்க, நேத்து மாதிரி மூணு கிலோ வந்து சேரல."

"நேத்து மூணு கிலோ, இன்னைக்கு முள்ளுகூட இல்ல. நல்லாத்தாம்லே திருத்துற!" சந்தனம் ரசத்தை உறிஞ்சினார்.

நாலு மணிக்கு இராமலட்சுமி கூப்பிட்டாள். இரண்டு கையாலும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால் சவேரியார் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

"மெஷின் ஏன் நிக்குது, சவேரியார்? நேத்துக் காலை வரைக்கும் மூணு வேலையும் நடந்துது. இப்ப ஒண்ணுகூட நடக்கலை. காரணம் சொல்லுங்க."

"அது வந்து மேடம்... கொடிய இன்னும் கொஞ்சம் முன்னாடி..."

"மேரி! ஏ மேரி!" வாசலில் லீமாரோஸ் கூடையை இறக்கினாள். "இந்த மீனுக்கு ஒரு வழி சொல்லுங்க. ஐஸ் போட்டுப் போட்டு என் கையி மரத்துப் போச்சு."

ஜோதிமேரி ஓடிப்போய்ப் பார்த்தாள். கூடையில் விளமீன் கண் விழித்துக் கிடந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இம்புட்டு மீன வச்சுக்கிட்டா எங்களுக்கு இல்லேன்னீக? நாங்க ரசத்த ஊத்தித் தின்னுட்டு ஒக்காந்திருக்கோம்!"

"நல்லாக் கேட்ட போ! ஒம் புருசன் போன் பண்ணி, மத்த ரெண்டு பேருக்கும் குடுக்காதேன்னாரு. சந்தனம் அண்ணன் போன் பண்ணி, மத்த ரெண்டு பேருக்கும் குடுக்காதேன்னாரு. நீயும் அதையேதான் சொன்ன. மூணு பேரும் சொல்லி முடிச்சப்பறம்தான் ஒவ்வொருத்தரா வந்து நின்னீக. நான் யாரு பேச்ச மீறி யாருக்குக் குடுக்க?"

சவேரியாரின் விரல்கள் நின்றன. திரையில் அவன் சொல்லிக் கொடுத்த மூன்று கொடிகளும் தூக்கியபடியே நின்றன.

லீமாரோஸ் சொன்னதெல்லாம் ஸ்பீக்கர் வழியாகச் சென்னைக்கும் கேட்டிருந்தது. இராமலட்சுமி நிதானமாகச் சொன்னாள்:

"சவேரியார், நீங்க திங்கட்கிழமை சென்னைக்கு வந்துருங்க. பாம்பன்ல இருந்து ரிவியூவை அந்த மீன்கார அம்மா பாத்துக்கட்டும்."