சங்கக் கோல் சொன்ன பதினேழு

துப்பாக்கிக் குழலுக்குள் எவ்வளவு முறுக்கு இருக்க வேண்டும் என்பதை எங்கும் குழல் செய்பவர் தீர்மானிப்பார், அல்லது சுடுபவர் தீர்மானிப்பார். இங்கிலாந்தின் ஹால்ஸ்டோ மாவட்டத்தில் அதைத் துப்பாக்கிச் சங்கத்தின் செயற்குழு தீர்மானித்தது.

தோட்டா பம்பர சாதி. நன்றாகச் சுழன்றால்தான் நேரே போகும். குழலின் உட்சுவரில் ஓடும் வரிகள் அதைச் சுழற்றி விடுகின்றன. பதின்மூன்று அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றினால் அந்தக் குழலின் முறுக்கு பதின்மூன்று. எண் கூடினால் சுழற்சி குறையும். ரொம்பக் குறைந்தால் தோட்டா தலை சாய்ந்து தள்ளாடும். ஈனிட் பாஸ்கோவின் குழல் பதின்மூன்று. பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. பல வருடமாக மாவட்ட அணியில் மாற்று ஆளாக மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தவளுக்கு, இந்த வருடம்தான் ஆயிரம் கஜப் போட்டியில் இடம் கிடைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து டெரக் பின்ஹேல் சாம்பியன் ஆனான்.

டெரக் பன்றி வளர்ப்பவன். ஹால்ஸ்டோவில் யார் சாம்பியனோ அவரைப் போலச் செய்வது வழக்கம். முந்தைய சாம்பியன் பச்சைத் தொப்பி போட்டார். ஊரே பச்சைத் தொப்பி போட்டது. அதற்கு முந்தையவர் பீட்ரூட் சாண்ட்விச் சாப்பிட்டார். அந்த வருடம் துப்பாக்கிகளெல்லாம் சிவந்திருந்தன. டெரக்கிடம் தொப்பியும் இல்லை, சாண்ட்விச்சும் இல்லை. ஆகவே அவன் குழலை அளப்பது என்று செயற்குழு முடிவெடுத்தது.

அளந்தவர் தலைவர் மேஜர் க்ராடக். ராணுவக் கிடங்கில் போர்வைகளைப் பார்த்துக்கொண்டவர். ஒரு போர்வைகூடத் தொலையாததால் மேஜர் ஆனவர். அளக்கும் முறை சுலபம். கோலின் நுனியில் துணி சுற்றிக் குழலுக்குள் தள்ளினால், வரியோடு சேர்ந்து கோலும் திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்குள் எத்தனை அங்குலம் உள்ளே போகிறதோ அதுதான் முறுக்கு. கோல் தாராளமாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். சங்கக் கோலின் கைப்பிடி துருப்பிடித்து இறுகியிருந்தது. துணி வரியைப் பிடிக்காமல் வழுக்கியது.

"பதினேழு," என்றார் மேஜர்.

"அப்படியா," என்றான் டெரக். "நான் உள்ளே பார்த்ததே இல்லை."

மறுவாரம் தேநீர்க் கொட்டகையில் அறிவிப்பு தொங்கியது. 'மாவட்டத்தின் மேன்மையை முன்னிட்டு, அணியினர் அனைவரும் பதினேழு முறுக்குக் குழலே பூணக் கடவர்.'

எல்லாரும் பூண்டார்கள். குழல் செய்பவர் கேட்டபடியே அச்சாகப் பதினேழு போட்டுக் கொடுத்தார். முதல் பயிற்சியில் முந்நூறு கஜத்தில் தோட்டாக்கள் படுத்துக்கொண்டே போய்க் குறிப்பலகையில் சாவித்துவாரம் போல நீளநீளமாகக் கிழித்தன. ஆயிரம் கஜத்தில், பலகைக்குக் கீழே குழியில் உட்கார்ந்து துளை எண்ணுபவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"என்னப்பா, டீ குடிக்கப் போயிட்டீங்களா? எப்ப சுட ஆரம்பிப்பீங்க?"

"சுட்டு முடிச்சாச்சு," என்றார் மேஜர்.

அன்று மாலையே இரண்டு விளக்கங்கள் வெளியாயின. ஒன்று, நீளத் துளை இரண்டு வட்டங்களைத் தொட்டால் உயர்ந்த வட்டமே கணக்கு. இரண்டு, துளை காணப்படாமையைத் துல்லியக் குறைவாகக் கருதலாகாது.

ஈனிட் பழைய குழலோடு வந்தாள். பத்து தோட்டாவும் நடுவில் வட்ட வட்டமாக விழுந்திருந்தன. மேஜர் பலகையைப் பார்த்து வருத்தப்பட்டார்.

"துளையெல்லாம் ரொம்பச் சின்னதா இருக்கே, மிஸஸ் பாஸ்கோ."

"தோட்டா அளவுதான் மேஜர் இருக்கும்."

"மத்தவங்களுது எவ்வளவு பெரிசா இருக்கு பாருங்க. அணின்னா ஒரு ஒற்றுமை வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள்ள பதினேழு மாத்திக்கங்க. இல்லேன்னா மழைக்கோட்டை எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஈனிட் மழைக்கோட்டு எடுத்துப் போகவில்லை. பக்கத்து மாவட்டத்தில் இரவல் வாங்கிய, கைப்பிடி வழவழவென்று சுழலும் கோல் ஒன்றை எடுத்துப் போனாள். எல்லார் முன்னாலும் டெரக்கின் குழலை அளந்தாள். பதின்மூன்று.



"நம்ம கோல் சுத்தலை, மேஜர். அதான் வழுக்குது," என்றாள் ஈனிட்.

"அது எந்த மாவட்டத்துக் கோல்?"

"வெய்ன்போர்ட்."

"எதிரிக் கோல்," என்றார் மேஜர். "டெரக், நீ என்ன சொல்றே?"

"பன்னிங்களுக்குத் தீனி வைக்கிற நேரம்னு சொல்றேன்."

மேஜர் எழுந்து நின்றார். தீர்மானம் அங்கேயே உருவாயிற்று. 'அளவு என்பது சங்கக் கோல் காட்டும் அளவே. அக்கோலில் பதினேழு காட்டாத எக்குழலும் அணியில் ஏறலாகாது.' புதுக் குழல் வாங்கியவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஈனிட் வாயைத் திறந்தாள். பிறகு மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

"இப்பத்தான் வழிக்கு வந்தீங்க," என்றார் மேஜர்.

போட்டி நாள் காலையில் சங்கக் கோல் ஒவ்வொரு குழலாக இறங்கியது. இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு. மேஜரின் சொந்தக் குழலும் இருபத்திரண்டு. டெரக்குடையது பதினேழு. ஈனிட்டுடையது பதினேழு.

மேஜர் தீர்மானத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தார். எழுதியவர் அவர்தான், ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தார். பிறகு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மாற்று ஆள் நாற்காலியில் உட்கார்ந்தார். இருவர் மட்டும் சுட்டார்கள். வெய்ன்போர்ட் பன்னிரண்டு பேரும் கூட்டியெடுத்த புள்ளிக்கு அவர்கள் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆண்டறிக்கையில் மேஜர், 'ஆள் வீதப்படி மகத்தான வெற்றி' என்று பதிந்தார். கூடவே குழல் செய்பவருக்கு ஒரு கண்டனக் கடிதம்: 'பதினேழு கேட்டோம், இருபத்திரண்டு அனுப்பியிருக்கிறீர்.' அவர் மன்னிப்புக் கேட்டுப் புதிதாகப் பதினேழு போட்டு அனுப்பினார். அவையும் இருபத்திரண்டு காட்டின.

அந்த வருடம் ஈனிட் சாம்பியன் ஆனாள். ஹால்ஸ்டோவில் உருளைக்கிழங்கு விலை ஏறியது. சங்கக் கோலின் காப்பாளர் பதவியும் அவளுக்கே வந்தது.

வசந்தத்தில் ருத் ட்ரெகியர் என்ற டிராக்டர் மெக்கானிக் சங்கத்தில் சேர்ந்தாள். கோலை ஒரு முறை திருகிப் பார்த்தாள்.

"ஈனிட், இது இறுகிக் கிடக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும். பாவம், அத்தனை பேரும் திரும்பத் திரும்பக் குழல் மாத்துறாங்களே."

ஈனிட் மைதானத்தைப் பார்த்தாள். பத்துப் பேர் மழைக்கோட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்காலிகளில் எந்த இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கோலைக் கீழே வைம்மா," என்றாள்.

"ஏன், எண்ணெய் போடக்கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்லை," என்று எண்ணெய்க் குப்பியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள் ஈனிட். "வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல வந்துடும்."