நாலு மாத்திரை மிச்சம்

மனிதர்களில் மிச்சம் வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. சோற்றை மிச்சம் வைப்பவர்களைச் சொல்லவில்லை; அவர்களை இலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நான் சொல்லும் ஆட்கள், டாக்டர் ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மூன்றாம் நாள் சாயங்காலம், காய்ச்சல் விட்டு, நாக்கில் ருசி திரும்பி, தெருவில் போகிறவரை நிறுத்தி ஊர்வம்பு பேசத் தெம்பு வந்த அந்த நிமிஷத்தில் நிறுத்திவிட்டு, மீதி அட்டையை மடித்துப் பத்திரப்படுத்துகிறவர்கள். பார்த்தால் பரம சாதுவாக இருப்பார்கள். பஸ்ஸில் நமக்கு ஜன்னலோர இடம்கூட விட்டுக் கொடுப்பார்கள். ஏமாந்துவிடாதீர்கள்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இந்த இனம் செழிப்பாக விளைகிறது. ஏன் விளையாது? வானத்தை நம்பி வெள்ளாமை செய்கிற கரிசல் மண். கொத்தமல்லியோ குதிரைவாலியோ, விளைந்தது ஒரு மூட்டையே ஆனாலும் அதில் கொஞ்சத்தை அடுத்த வருஷ விதைக்கு எடுத்துக் கட்டி வைத்த பிறகுதான் மற்றதைத் தொடுவார்கள். எதையும் அடியோடு தீர்த்துவிடக் கூடாது என்பது இங்கே ரத்தத்தில் ஊறிய விஷயம். நல்ல பழக்கம்தான். அதை மாத்திரைக்கும் நீட்டியதில்தான் வில்லங்கம்.

இந்த இனத்தின் தலைமகன் எங்கள் பரளச்சி ஊர்த் தங்கபாண்டி. எனக்கு மச்சான் முறை, பக்கத்து வீடு. பத்து ஏக்கர் புஞ்சை, கொஞ்சம் ஆடு, நிறையச் சர்க்கரை நோய், இவற்றோடு ஒரு நீலநிற பிஸ்கட் டப்பா அவருடைய சொத்து. வீரசோழன் ஊர்க்காரர் காசிம், மச்சானின் பழைய சிநேகிதர், துபாயிலிருந்து திரும்பியபோது கொடுத்த டப்பா அது. மற்ற வீடுகளில் அந்த டப்பாவைத் திறந்தால் ஊசி, நூல், பட்டன் இருக்கும். மச்சான் வீட்டில் திறந்தால் குடும்ப வரலாறே இருக்கும். மகளுக்குப் பிரசவத்தின்போது எழுதிக் கொடுத்ததில் மிச்சம், பேரனின் சிரங்குக்கு வாங்கியதில் மிச்சம், காசிமுக்குத் துபாயில் பல்வலி வந்து, பாதியில் வலி நின்று, விமானம் ஏறி வந்து சேர்ந்த ஆறு மாத்திரைகள். கடைசியாகச் சொன்னதற்குத் தனிப் பொட்டலம். ‘ஃபாரின் பவரு’ என்பார். பாதி மாத்திரைகளுக்குப் பெயரே கிடையாது. கடைக்காரர் கத்திரிக்கோலால் வெட்டிக் கொடுத்தபோது பெயர் அந்தப் பக்கத் துண்டோடு போய்விட்டது. அதனால் என்ன? நிறம் இருக்கிறதே.

தெருவில் யாராவது ஒரு தும்மல் போட்டால் போதும், டப்பாவோடு ஆஜராகிவிடுவார்.

“என்ன மாப்ள, தொண்டை கரகரங்குது?”

“சும்மா சளி மச்சான்.”

“சளியைச் சும்மா விடப்படாது. இந்தா, செவப்பு ஒண்ணு, வெள்ளை அரை. ரெண்டு வேளை போடு. மூணாவது வேளை போட்டுராத.”

“ஏன்?”

“ஒடம்புக்குப் பழகிரும்ல!”

சளிக்கும் அந்தச் சிவப்பு மாத்திரைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்பதோ, பழகிப்போகிறது உடம்பு அல்ல, கிருமிதான் என்பதோ எனக்கு மட்டும் தெரியுமா? வாங்கி விழுங்கினேன். என்னைப் போலவே தெருவே விழுங்கியது. ஆடு செருமினால் அதற்கும் அரை மாத்திரை. கோழிக்குக் காலில் புண் என்றால் கேப்சூலைப் பிரித்துப் பொடியைத் தூவினார். கோழி மறுநாளே குழம்பானதால் அந்த வைத்தியத்தின் பலன் கடைசிவரை தெரியவில்லை.

போன ஐப்பசியில், தரிசாகக் கிடந்த புஞ்சையில் மண்டியிருந்த சீமைக் கருவேலை அழிக்க மச்சான் ஆள் விட்டார். வரப்பில் நின்று அவர் போட்ட சத்தம் பாளையம்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஏலே, மேலாக்க வெட்டிட்டுப் போனா ஒண்ணு பத்தாத் தழைக்கும்டா! தூரோட தோண்டு! ஒரு வேரு கெடக்கப்படாது!”

இப்படிக் கத்திக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு இடது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியது ஒரு முள். பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தார்.

சிவப்பு, இரண்டு நாள். வீக்கம் வற்றியது, நிறுத்தினார். திரும்ப வீங்கியது. வெள்ளை, இரண்டு நாள். வற்றியது, நிறுத்தினார். திரும்ப வீங்கியது. ஃபாரின் பவர் இறங்கியது, அதிலும் மூன்று மாத்திரை மிச்சம் வைத்தார். இப்படி ஆறு வாரம், அந்தக் காலில் குடியிருந்த கிருமிக்கு மச்சான் டப்பாவிலிருந்து ஒவ்வொரு மருந்தாக விருந்து வைத்தார். எதையும் அது சாகிற அளவுக்குப் பரிமாறவில்லை. சோப்ளாங்கிக் கிருமிகள் செத்தன. திடகாத்திரமானவை பிழைத்துப் பிள்ளைகுட்டி பெற்றன. ஏழாவது வாரம் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. புண் நாறியது. அவர் மனைவி ஒச்சம்மாள் அக்கா காசிமின் காரை வரவழைத்து, என்னையும் துணைக்கு ஏற்றிக்கொண்டு, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கருத்துப்போன சுண்டுவிரலை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். சீழைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் முடிவோடு வந்தார். கூடவே அனுசியா என்ற ஆராய்ச்சி மாணவி. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளைப் பற்றித்தான் அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி. சொந்த ஊர் அருப்புக்கோட்டை என்றதும் மச்சான் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“ஐயா, உங்க கிருமியைத் தட்டுல வளத்து, பன்னெண்டு மருந்து வச்சுப் பாத்தோம். பதினொண்ணுக்கு அது அசையவே இல்ல.”

வேறொருவராக இருந்தால் அழுதிருப்பார். மச்சான் தலையணையை நிமிர்த்தி வைத்து எழுந்து உட்கார்ந்தார்.

“பதினொண்ணா?”

“ஆமாய்யா. எங்ககிட்ட இருக்கறதுலயே பொல்லாத கிருமி இதுதான்.”

அடுத்த நிமிஷம் போன் காதில் இருந்தது. “காசிமு! நம்ம கிருமி பதினோரு மருந்தை மண்ணைக் கவ்வ வச்சிருச்சுப்பா! மதுரையிலயே இதுதான் முதலாவதாம்!” அதோடு விட்டாரா? அதற்குத் தன் பெயரை வைக்கச் சொன்னார். எண் மட்டும்தான் கொடுப்போம் என்று அனுசியா சொன்னதும், ஒரு நல்ல ஃபேன்சி நம்பராகப் பார்த்துப் போடச் சொன்னார்.

டாக்டர் இந்தக் கூத்து முடியும்வரை பொறுமையாக நின்றார். பிறகு சொன்னார். பாக்கி இருப்பது ஒரே மருந்து. ஊசி. பதினாலு நாள் போட வேண்டும், சிறுநீரகத்தைப் பாதிக்காமல் ரத்தம் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் காலைக் கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும்.

அவர்கள் போன பிறகு மச்சான் கட்டுப் போட்ட இடது காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். போர்வைக்கு வெளியே தெரிந்த வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள,” என்றார். “ஒத்தக் காலை வச்சுக்கிட்டு உழவுச்சாலுல எப்புடி நிக்கிறது?”

அந்த மனிதரை எத்தனை கேலி செய்தாலும், அந்தப் புஞ்சையில் அவர் இல்லாமல் ஒரு மழையை நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஊசி ஏறத் தொடங்கியது. நாலாம் நாள் அனுசியா போனில் ஒரு படம் காட்டினாள். கண்ணாடித் தட்டு முழுக்கப் பாசி படர்ந்தது போல மச்சானின் கிருமி; நடுவில் வட்ட வட்டமாக வெறும் இடம்.

“இது என்னம்மா, சொட்டை விழுந்த மாதிரி?”

“கிருமியை அழிக்கிற வைரஸ் இருக்குய்யா. அது மனுசனை ஒண்ணும் பண்ணாது, கிருமிக்குள்ள மட்டும் பூந்து வெடிக்க வச்சிரும். கிருமி எங்க மொய்க்குதோ அங்கதான் அதுவும் கெடைக்கும். நம்ம ஊர்ச் சாக்கடைத் தண்ணியில இருந்துதான் பிரிச்செடுத்தேன்.”

மச்சான் முகம் வாடிவிட்டது. “அப்ப நம்ம ஆளு தோத்துட்டானா? பதினோரு மருந்தை ஜெயிச்சவன், போயும் போயும் சாக்கடைத் தண்ணிகிட்டயா?”

தன் காலைத் தின்கிற கிருமிக்காக இப்படி வருத்தப்பட்டவர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டார். அந்தத் தண்ணீர் எத்தனை லோடு வேண்டுமானாலும் டிராக்டரில் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார்.

“அதையே எனக்கு ஊசியாப் போட்டுற வேண்டியதுதானம்மா?”

“இப்ப முடியாதுய்யா. இது தட்டுல ஜெயிச்சதுதான். மனுச ஒடம்புக்கு மருந்தா வர்றதுக்கு இன்னும் எத்தனையோ சோதனை இருக்கு, வருசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இருக்கற மருந்தைக் கெடுக்காம காப்பாத்துனாப் போதும்.”

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. வீக்கம் வற்றியது. நாக்கில் ருசி திரும்பியது. ருசி திரும்பினால் என்ன நடக்கும் என்று முதல் பத்தியிலேயே சொன்னேனே? மச்சான் நர்ஸைக் கூப்பிட்டார்.

“தாயி, எனக்கு நல்லாயிருச்சு, இன்னைக்கு ஊருக்குப் போறேன். மிச்சம் ஒம்பது ஊசி இருக்குல்ல? அதை ஒரு பையில போட்டுக் கட்டிக் குடுத்துரு. வீட்ல வச்சுக்கிறேன், யாருக்காச்சும் ஆகும்.”

நர்ஸ் கையிலிருந்த ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள். மூலையில் சாப்பாட்டுக் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் அக்கா ஈரக் கையோடு வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றார்.

“ஏங்க, நம்ம புஞ்சையில கருவேலை வெட்டுனவுகளை என்னா ஏச்சு ஏசுனீக?”

“அதுக்கென்ன இப்ப?”

“மேலாக்க வெட்டிட்டுப் போனா என்ன ஆகும்னீக?”

மச்சான் காலைப் பார்த்தார். கட்டு போட்டிருந்த இடத்தில் என்ன தழைத்திருந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஊசி போடக் கையை நீட்டினார். பதினாலாவது ஊசிவரைக்கும் அந்தக் கை தினமும் தானாகவே நீண்டது. கால் பிழைத்தது.

ஒன்பது விரலோடு மச்சான் ஊர் திரும்பினார். டப்பாவிலிருந்த அத்தனையையும் பழைய மருந்து அழிக்கிறவர்களிடம் சேர்க்கச் சொல்லி அனுசியாவிடம் ஒப்படைத்துவிட்டார் அக்கா. இப்போது அதில் ஊசியும் நூலும் இருக்கின்றன.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் போன வாரம் எனக்குத் தொண்டையில் புண். டாக்டர் பார்த்து, சோதித்து, காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஐந்து நாளைக்கு எழுதினார். மூன்று நாளில் தொண்டை கணீரென்று ஆகிவிட்டது. அட்டையை மடித்து ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்கக் கையைத் தூக்குகிறேன், வாசலில் விந்திய நடைச் சத்தம்.

“என்ன மாப்ள கையில?”

“ஒண்ணுமில்ல மச்சான். நாலு மாத்திரை மிச்சம்.”

மச்சான் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுண்டுவிரல் இல்லாத காலை என் கண்ணுக்கு நேரே நீட்டி வைத்துக்கொண்டார்.

“சாப்பிட்டாச்சுன்னா தண்ணியை எடு. நீ முழுங்குறதைப் பாத்துட்டுப் போறேன். காலையிலயும் வாரேன்.”

வந்தார். அன்றைக்கு ராத்திரியும் வந்தார். அதற்கு மறுநாள் காலையில் வந்து, காலி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

உங்கள் தெருவில் தங்கபாண்டி கிடையாது. அதனால் நான் கேட்கிறேன். அவசரப்பட்டு எழுந்து போய் இப்போது பழைய மிச்சத்தை விழுங்கிவிடாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் நீட்டிவிடாதீர்கள். பதில் மட்டும் சொல்லுங்கள். உங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் மடித்துச் செருகி வைத்திருக்கிறீர்களே, அந்த அட்டையில் எத்தனை மிச்சம்?