பிங் மாமியின் ஆறாம் சேனல்

இன்டர்நெட்டைக் கண்டு பயப்படுகிற மனிதர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் இன்டர்நெட்டே கண்டு பயந்தது ஒரே ஒருவரைத்தான். அவர் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்பக்கம் இருக்கிற எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருந்தார். காதில் வைரத்தோடு, தலையில் ஒரு முழம் மல்லிகை, மல்லிகைக்கு மேல் ஹெட்போன். அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் பிங் மாமி.

ஊரடங்குக் காலத்தில், பொழுது போகட்டும் என்று மகள் போனில் ஒரு சீட்டாட்டத்தை ஏற்றிக் கொடுத்தாளாம். மாமி சீட்டிலிருந்து கேரம், கேரமிலிருந்து கார் பந்தயம் என்று முன்னேறி, ஊரடங்கு முடிகிறபோது துப்பாக்கிக்கு வந்திருந்தார். நான்கு பேர் கொண்ட அணி ஒரு தீவில் குதித்து, மற்ற அணிகளைச் சுட்டு வீழ்த்திக் கடைசிவரை நிற்க வேண்டிய ஆட்டம். மாமியின் அணியில் மற்ற மூவரும் கல்லூரிப் பையன்கள். வடபழனியிலிருந்து ஆடும் ஒருவன்தான் கேப்டன். சாயங்காலங்களில் மாமி வீட்டு ஜன்னல் வழியாக இரண்டு உலகங்களும் சேர்ந்து கேட்கும்.

"ஏன்னா, மூணு விசில் வந்துடுத்து, குக்கரை அணைச்சுடுங்கோ. டேய், லாரிக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிண்டிருக்கான், போட்டுத் தள்ளுடா!"

இதில் முதல் பாதி மாமாவுக்கு, இரண்டாவது பாதி வடபழனிக்கு. புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் இரண்டுமே மாமாவுக்கு என்று நினைத்து அவரைப் பரிதாபமாகப் பார்த்திருக்கிறார்கள்.

பிங் என்றால் என்ன என்று ஒருநாள் மாடிப்படியில் வைத்துக் கேட்டேன். மாமி காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்.

"நான் ஹால்லேர்ந்து 'ஏன்னா'ன்னு கூப்பிடறேன். அவர் ரூம்லேர்ந்து 'என்ன'ன்னு கேக்கணும். நான் கூப்பிட்டதுக்கும் அவர் கேக்கறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆறதோ, அதான் பிங். கம்மியா இருந்தா ஆட்டம் நன்னா ஓடும். ஜாஸ்தியா இருந்தா, நாம சுடறதுக்குள்ள அவன் நம்மளச் சுட்டுட்டுப் போயிடுவான்."

"உங்க வீட்டுல எப்படி மாமி?"

"நெட்டுல பரவாயில்ல. இவர்ட்டதான் ரொம்ப ஜாஸ்தி."

மாமா அப்போது பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். மாமி மூன்றாம் படி ஏறிய பிறகு "என்ன?" என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் பங்குனித் தேர் வந்தது. தேர் வருகிற தெருக்களில் குறுக்கே தொங்கும் வயர்களையெல்லாம் அன்று காலை கழற்றிவிடுவார்கள். எங்கள் குடியிருப்பின் நெட்டும் அந்த வயர்களில் ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து மாமியின் அணிக்கு ஒரு போட்டித்தொடரின் அரையிறுதி. மாமி ஓர் ஓட்டு வீட்டின் கூரை மேல் துப்பாக்கியோடு நின்றபடியே உறைந்துபோனார். அந்தப் பக்கம் யாரோ ஒருவன் வந்து சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போனான். அணி வெளியேறியது.

"ஸ்வாமி மேல கோச்சுக்க முடியுமோ?" என்று எங்களிடம் கேட்டார் மாமி. அவர் முகத்தைப் பார்த்தால் முடியும் போலத்தான் இருந்தது.

கேப்டன் ஸ்பீக்கரில் கறாராகச் சொன்னான். "மாமி, நீ நல்லாத்தான் ஆடுற, இல்லேங்கல. ஆனா உன் நெட்டு பேஜாரா கீது. இன்னொரு தபா கட்டாச்சுன்னா வேற ஆளப் போட்டுக்குவோம். தப்பா நெனச்சுக்காத."

மாமி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மகள் கல்யாணமாகிப் புனே போன பிறகு, தினமும் தன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கிற மூன்று பேர் அவருக்கு அந்த அணியில்தான் இருந்தார்கள். அந்த இடம் போய்விடக் கூடாது. மறுநாள் காலை கோலம் போட்டு முடித்த கையோடு மாமி போரில் இறங்கினார்.

முதலில் மாட்டியது வயர் இழுக்கும் செல்வம். "நெட்டு நல்லாத்தான் கீது மாமி, லைட்டு எல்லாம் பச்சையா எரியுது பாரு" என்றான்.

"பச்சையா எரியறது சரி. வெளில வேப்பமரத்துல வயரை அணில் கடிக்கிறதே, அதை யார் பாப்பா? எங்காத்து வயர் மரத்துலயும் போகப்படாது, தேர் வர்ற பக்கமும் போகப்படாது. பின்பக்கச் சந்து வழியாக் கொண்டு வா."

"அது ஊரச் சுத்திக்கினு வரணும் மாமி."

"சுத்திண்டு வா. காபி போடறேன்."

செல்வம் ஒரு பகல் முழுக்கச் சந்து சந்தாகச் சுற்றினான். எத்தனை டம்ளர் காபி குடித்தான் என்பது அவனுக்கே தெரியாது. அடுத்து இன்வெர்ட்டர். கரண்ட் போனால் ஹாலில் ஒரு விளக்கு, ரவுட்டர், இரண்டும்தான் ஓடும். மாமாவின் ஃபேன் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த இன்வெர்ட்டர் மேலும் நம்பிக்கை வராமல், ரவுட்டருக்கென்றே டிபன் பாக்ஸ் அளவில் ஒரு குட்டி பேட்டரிப் பெட்டியும் வாங்கி வைத்தார்.

அப்புறம் வீடு வீடாக வந்தார். பக்கத்து வீட்டு வைஃபை ஒழுங்காக இல்லாவிட்டால் தன் வைஃபையும் கெடும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். கீழ்வீட்டுப் பர்வீன் அக்காவின் ரவுட்டர் மீன்தொட்டிக்குப் பின்னால் இருந்தது. "தண்ணிக்குப் பின்னாடி வெச்சா சிக்னல் எப்படி வரும், நீந்திண்டா வரும்?" என்று அதை எடுத்து அலமாரியின் உச்சியில் ஏற்றினார். குடியிருப்புச் சங்கச் செயலாளரின் ரவுட்டர், திருட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், இரும்பு பீரோவுக்குள் இருந்தது. மாமி அதை மீட்டார். மூன்றாவது மாடியில் என் வீட்டில் குற்றவாளி மைக்ரோவேவ். நான் அதில் அப்பளம் சுடும்போதெல்லாம் மாமியின் வைஃபை தள்ளாடியிருக்கிறது. அதன் பிறகு மேட்ச் நேரத்தில் நான் மறந்துபோய் பட்டனைத் தொட்டால், கீழேயிருந்து குரல் வரும்.

"மூணாவது மாடி! அப்பளத்தை நிறுத்துங்கோ!"

உச்சகட்டம் சங்கக் கூட்டம். தண்ணி லாரி, குப்பைத்தொட்டி என்று போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் மாமி எழுந்தார். "வைஃபைக்கும் ரேடியோ மாதிரி தனித்தனி சேனல் உண்டு. எல்லார் ஆத்து வைஃபையும் ஒரே சேனல்ல முட்டிண்டு நிக்கறது. பாதிப் பேர் ஒண்ணுக்குப் போங்கோ, பாதிப் பேர் பதினொண்ணுக்குப் போங்கோ. நடுவுல ஆறாம் சேனல் நேக்கு."

"உங்களுக்கு மட்டும் தனியாவா? அது என்ன நியாயம்?" என்று செயலாளர் பாய்ந்தார்.

மாமி அமைதியாகச் சொன்னார். "எங்காத்துக் கார் பார்க்கிங்கை நீங்க எடுத்துக்கோங்கோ."

தண்ணி லாரியும் குப்பைத்தொட்டியும் எல்லோருக்கும் மறந்துபோயின. மயிலாப்பூரில், மேலே கூரை போட்ட கார் பார்க்கிங்! அதற்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. மாமாவின் பழைய காரை விற்ற பிறகும் அந்த இடத்தை யாரும் கேட்கத் துணிந்ததில்லை. செயலாளர் எழுந்து நின்று, ஆறாம் சேனலை ஒருமனதாக மாமிக்கு ஒதுக்கினார். மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்து எல்லோரும் படியேறிக்கொண்டிருந்தபோது அவர் "பார்க்கிங்கா?" என்றார்.

மாமியின் புண்ணியத்தில் எங்கள் எல்லோர் வீட்டு நெட்டும் தேறிவிட்டது. பர்வீன் அக்காவின் துபாய்த் தம்பி வீடியோவில் முதல்முறையாகக் கழுத்துக்குக் கீழேயும் தெரிந்தான். மாமியின் அணி அடுத்த போட்டித்தொடரில் ஜெயித்து ஜெயித்து இறுதிக்கு வந்தது. விஜயதசமிக்கு மறுநாள் இறுதி ஆட்டம்.

அந்த நன்றியில்தான் மாமி அந்தத் தப்பைச் செய்தார். சரஸ்வதி பூஜையன்று காலை, புத்தகங்களோடும் சுருதிப் பெட்டியோடும் ரவுட்டரையும் கழற்றி பூஜையில் வைத்துவிட்டார். சந்தனம், குங்குமம், நடுவில் நிற்கிற இரண்டு ஆன்டெனாவுக்கும் ஒரே சரமாகக் கதம்பம். கற்பூரம் காட்டி முடித்தபோது கேப்டனின் போன் வந்தது.

"மாமி, மேட்ச்ச இன்னிக்கே வச்சிட்டானுங்க. சாயங்காலம். ரெடியா கீறல்ல?"

மாமி பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை பண்ணாமல் எடுக்கக் கூடாது. புத்தகமென்றால் படிக்கக் கூடாது, ரவுட்டரென்றால் இணைக்கக் கூடாது. போன் டேட்டாவோ எங்கள் தெருவில் ஆட்டத்துக்கு ஆகாது.

விஷயம் பரவி எல்லோரும் மாமி வீட்டில் கூடினோம். "அவசரத்துக்குத் தோஷமில்ல மாமி, எடுத்து மாட்டிடலாம்" என்றார் செயலாளர்.

"அம்பாள் முன்னாடி வெச்சாச்சு. டீம்லேர்ந்து எடுத்தா எடுக்கட்டும்." சொல்லிக்கொண்டே மாமி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "போனை மட்டும் ஏன் மாமி பூஜையில வைக்கல?"

"போன் நேக்குக் கை மாதிரி. கையைக் கழட்டி யாராவது பூஜையில வெப்பாளோ?"

அப்போதுதான் வாசலில் நின்ற பர்வீன் அக்கா உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார். "இன்னாத்துக்கு மாமி கண்ண கசக்கிக்கினு நிக்கிறீங்க? எங்கூட்டு ரவுட்டர் எந்தப் பூஜைலயும் இல்ல. நீங்க தூக்கி வச்ச எடத்துலயேதான் கீது. கீழ வாங்க."

அன்று சாயங்காலம் மாமி கையில் சுண்டலோடு பர்வீன் அக்கா வீட்டுச் சோபாவில் போய் உட்கார்ந்தார். செயலாளர் ஒவ்வொரு மாடியாக ஏறி எல்லோர் வீட்டு வைஃபையையும் அணைக்கச் சொன்னார். யாரும் முணுமுணுக்கவில்லை. போன் டேட்டாவில் பார்க்கக்கூட யாரும் சீரியலைப் போடவில்லை. எல்லோரும் அந்தச் சோபாவுக்குப் பின்னால்தான் நின்றோம். என் மைக்ரோவேவின் பிளக்கையே பிடுங்கிவிட்டு வந்திருந்தேன். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்ற சாயங்காலங்களில் அதுவும் ஒன்று.

ஆட்டம் முற்றியது. இரண்டே அணிகள் மிச்சம். மாமி ஒரு வயல்வெளியில் ஊர்ந்துகொண்டிருந்தார். சட்டென்று கரண்ட் போனது.

இருட்டில் யாரோ "அய்யோ!" என்றார்கள். பர்வீன் அக்கா வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் அலமாரி உச்சியைப் பார்த்தோம். ரவுட்டரின் விளக்குகள் பச்சையாக, ஒன்றும் நடக்காத மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அந்த டிபன் பாக்ஸ் பேட்டரிப் பெட்டி. அதன் பக்கத்தில், ஸ்டூல் மேல், இடுப்பில் துண்டோடு மாமா நின்றுகொண்டிருந்தார். பூஜையில் வைக்காமல் விட்டுப்போன அந்தப் பெட்டியை அவர் எப்போது கொண்டுவந்தார், எப்போது மாட்டினார், ஒருவருக்கும் தெரியாது.

மாமி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "கூப்பிடவே இல்ல, அதுக்குள்ள வந்துட்டார் பாருங்கோ. இன்னிக்கு இவர் பிங் ஜீரோ."

மாமியின் அணிக்கு இரண்டாவது இடம்தான் கிடைத்தது. மற்ற மூவரும் விழுந்த பிறகு, கடைசி ஆளாக நின்று சுட்டு, நேருக்கு நேராகத் தோற்றார் மாமி. அதைப் பற்றி அவருக்குத் துளி வருத்தமில்லை. "சுட்டான், விழுந்தேன். உறைஞ்சுபோய் விழல" என்றார். ஸ்பீக்கரில் கேப்டன் கத்தினான். "மாமி, இனிமே நீ இல்லாம டீமே கெடையாது! உன் பில்டிங்குல எதுனா வீடு காலி கீதா சொல்லு, நான் வந்துடறேன்!" நாங்கள் கைதட்டியதில் பர்வீன் அக்கா வீட்டு மீன்கள் மிரண்டு தொட்டியின் மூலைக்கு ஓடின.

மகளுக்குப் பிரசவம் என்று மாமியும் மாமாவும் இப்போது புனேக்குப் போயிருக்கிறார்கள். போய் மாதங்கள் ஆகின்றன. கேப்டன் அங்கேயும் அவரை விடவில்லை என்று கேள்வி. மாமி வீட்டு ரவுட்டர் அணைந்து கிடக்கிறது. போன வாரம் நான்காவது மாடிக்கு ஓர் இளைஞர் புதிதாகக் குடிவந்து, எங்கும் நெரிசலில்லாத சேனலாகத் தேடிப் பிடித்துத் தன் வைஃபையை வைத்தார். அன்று சாயங்காலமே செயலாளர், பர்வீன் அக்கா, நான் மூவரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், அவர் வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டோம்.

"ஆறாம் சேனல்ல யாருமே இல்லையே சார்?" என்றார் அந்த இளைஞர்.

"இருக்காங்க தம்பி, ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். "நீங்க பதினொண்ணுக்குப் போயிடுங்க. மாமி வந்து பார்க்கிறப்ப அவங்க இடம் அப்படியே இருக்கணும்."