றிச்சர்டுக்கு ஓர் உறவுக்காரர் தேவை

வட்டவளை,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய பத்திநாதன் ஐயாவுக்கு, தோட்டத்து மரண உதவிச் சங்கச் செயலாளர் அழகுமுத்து வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாயிருக்க உங்கள் மாதாவையும் எங்கள் மாரியம்மாவையும் வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உங்கள் அண்ணன் றிச்சர்ட் மட்டும் செத்துப்போய் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறார். போன் எடுத்தால் நீங்கள் வெட்டிவிடுவதால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

சொந்தக்காரர் கையெழுத்தில்லாமல் உடலைத் தரமாட்டார்களாம். கிராம சேவகரிடம் போனேன், ராணுவத்தில் இருந்த ஆமிக்காரர்தானே, ஆமியைக் கேள் என்றார். ஆமி முகாமில், பென்சன் எடுத்தவர் எங்கள் ஆளில்லை, பிரதேச செயலகத்தைக் கேள் என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். செயலகத்தில், தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவர், தோட்டத்தை நடத்தும் துரையைக் கேள் என்றார்கள். துரையோ, இவர் நம் தோட்டத்தில் ஒரு நாளும் வேலைக்குப் பேர் போட்டதில்லையே என்கிறார். வருஷக்கணக்காக ஆமிக்குச் சமைத்துப் போட்ட மனுஷன் செத்த பிறகு யாருடைய ஆளும் இல்லை. ஆத்திரத்தில், நாங்களே சொந்தம் என்று சொல்லிவிடலாமென லயத்தையே வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுதான் வினையாகிவிட்டது. லயத்தில் யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? நான் மாமா என்றேன், என் மனைவி ராசம்மா அண்ணன் என்றாள். உத்தியோகத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒங்க பொஞ்சாதி ஒங்களுக்குச் சின்னம்மாவா?"

பொய் சொன்னதற்குப் பொலிசில் கொடுப்பேன் என்றதும் வேனுக்கு ஓடினோம். ராசம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமைக்குள் கூடப்பிறந்தவர் வராவிட்டால் பிரதேச சபை ஆட்கள் பேரில்லாத குழியில் போட்டுவிடுவார்களாம். யுத்த காலத்தில் தமிழராயிருந்தும் அவர் ஆமியில் சேர்ந்ததற்காக உங்களை யார் யார் என்னவெல்லாம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். அவரோடு பேசாமல் இருந்தீர்கள், சரி. இனிப் பேச வேண்டியதும் இல்லை, ஒரு கையெழுத்துத்தான். வார்டில் கடைசிவரை, "பத்தி வருவான், அவனுக்குக் கோவம் நிக்காது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டாருக்கு என் அன்பும் பிள்ளைகளுக்கு ஆசியும். தங்கள் பதிலை அல்ல, தங்களையே எதிர்பார்க்கும்,
அழகுமுத்து.

பி.கு.: தபால் கந்தோருக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தேன். உடல் இல்லை. உங்கள் அண்ணனோடு ஆமியில் இருந்த சேனாரத்ன என்ற சிங்கள மனுஷன் கம்பளையிலிருந்து வந்து, தம்பி என்று கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருக்கிறார். பேர் வேறு, மதம் வேறு, நீ எப்படித் தம்பி என்று உத்தியோகத்தர் கேட்டாராம். "வேற தம்பி யாரும் வந்தாங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலை அங்கே மாதா கோயிலில் பூசை வைத்து அடக்கம். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.